சுவரோரம் 84 மைல்: முழங்கால், சீனி, சேர்க்கப் போகும் காசு

கேள்வி:

வணக்கம் அக்கா. எனக்கு 48 வயது. லண்டன் ஹரோவில் இருக்கிறேன், பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை. அம்மா போன ஜூனில் ஹொஸ்பிஸில் (குணமாக்க முடியாத வருத்தக்காரரைக் கடைசிக் காலத்தில் பராமரிக்கும் இடம்) காலமானார். கடைசி மூன்று கிழமையும் அங்கேதான் வைத்துப் பார்த்தார்கள். எங்களிடம் ஒரு பென்ஸ் வாங்கவில்லை. "வலிக்குதா அம்மா" என்று தமிழில் கேட்கப் பழகிக்கொண்ட ஒரு நேர்ஸை மறக்க முடியாது. அந்த இடத்துக்குக் காசு சேர்க்க நானும் தம்பியும் இந்த ஜூனில் வட இங்கிலாந்தின் ஹேட்ரியன் சுவர்ப் பாதையை ஆறு நாளில் நடக்க நினைத்திருக்கிறோம். அம்மாவுக்குக் கடல் பிடிக்கும். அதனால் கிழக்கே தொடங்கி, ஆட்டைத் திவசத்தன்று மேற்கே கடலோரத்தில் முடிப்பதாகத் திட்டம். எனக்குச் சீனி வருத்தம். மெட்ஃபோர்மின், கிளிக்ளசைட் இரண்டும் எடுக்கிறேன். படி இறங்கினால் வலது முழங்கால் நோகும். பெரியம்மா, "கதிர்காமத்துக்கு நடந்தால் அது நேர்த்தி, இது காசுக்கு நடக்கிறது. கொடுக்கிறவர்கள் நேரே கொடுக்கலாமே" என்கிறார். நான் என்ன செய்ய?

– ஹரோ வாசகி

பதில்:

தங்கச்சி, நடக்கலாம். ஆனால் ஆறு நாளில் வேண்டாம். ஆட்டைத் திவசத்தன்று முடிக்கும் திட்டமும் வேண்டாம். நான் பிசியோதெரபிஸ்ட். மருந்தை மாற்றச் சொல்லும் உரிமை எனக்கில்லை, அதைப் பற்றி யாரிடம் கேட்பது என்று கீழே சொல்கிறேன்.

முதலில் பாதை. வால்ஸ்எண்டிலிருந்து பௌனஸ்-ஒன்-சோல்வே வரை 84 மைல், அதாவது 135 கிலோமீட்டர். கி.பி. 122இல் ரோமர்கள் கட்டத் தொடங்கிய சுவரை ஒட்டி 2003இல் திறந்த தேசிய நடைபாதை இது. ஆறு நாள் என்று வழக்கமாகப் பிரிப்பதைப் பார்த்தால், நாளுக்கு 15, 15, 12, 16, 11, 15 மைல் என்று வரும். தாளில் பார்க்க ஒன்றும் பயமில்லை. 15 மைல் ஒரு நாள் நடப்பது பலருக்கும் முடியும். அடுத்த நாள் காலை எழுந்து அதே காலோடு இன்னொரு 15 மைல் நடப்பதுதான் வேறு கதை.

இந்தப் பாதையில் முதல் நாள் ஏமாற்றும். வால்ஸ்எண்டில் இறங்கினால் மெட்ரோ நிலையத்து அறிவிப்புகள் இலத்தீனிலும் எழுதியிருக்கும், தம்பி படம் எடுப்பார், எல்லாரும் உற்சாகமாக இருப்பீர்கள். பிறகு டைன் ஆற்றோரமாக, நியூகாசில் நகரத்துக்குள்ளால், ஹெடன்-ஒன்-த-வோல் வரை 15 மைல். பெரும்பாலும் சமதரை. ஆனால் அதில் பெரும்பகுதி தார். புல்லில் நடக்கும்போது ஒவ்வொரு அடியும் கொஞ்சம் வேறு கோணத்தில் விழும்; தாரில் பாதத்தின் அதே இடம் ஆயிரக்கணக்கான முறை உரசும். மலையேறுவதற்கென்று வாங்கிய தடித்த சப்பாத்தோடு அன்று நடப்பவர்களுக்குத்தான் கொப்புளம் முதலில் வரும். அதனால் முதல் நாளை நியூகாசிலில் முறித்து இரண்டாக்குங்கள். ஸ்டீல் றிக்கிலிருந்து வோல்ற்றன் வரை வரும் 16 மைல் நாளையும் கில்ஸ்லாந்துப் பக்கம் முறியுங்கள். எட்டு நாளாகும். லீவு கிடைக்காவிட்டால் பாதையைக் குறையுங்கள், நாளைக் குறைக்க வேண்டாம்.

உங்கள் முழங்காலுக்கான சோதனை நடுவில் இருக்கிறது. சொலர்ஃபோர்டைத் தாண்டி ஹௌஸ்ஸ்டெட்ஸ், ஸ்டீல் றிக், கிரீன்ஹெட் என்று போகும் பகுதியில் சுவர் கரும்பாறை முகட்டின் மேல் ஏறி இறங்கி ஓடும். மிக உயரமான இடம் வின்ஷீல்ட்ஸில் 345 மீட்டர்தான். நம் ஊர் மலைகளோடு பார்த்தால் சிறு மேடு. ஆனால் ஒரு தடவை ஏறி ஒரு தடவை இறங்கி முடிகிற உயரமல்ல அது. கற்படிகளில் ஏறு, இறங்கு, உடனே மறுபடி ஏறு என்று மணிக்கணக்காகப் போகும். படி இறங்கும்போது நோகிற முழங்காலுக்கு இதைவிடப் பொல்லாத இடம் அந்தப் பாதையில் இல்லை. 2023 செப்டம்பரில் வெட்டப்பட்ட அந்தப் பெயர்போன சிக்கமோர் மரம் நின்ற பள்ளமும் இங்கேதான். அதற்குள் இறங்கி ஏறும்போது உங்கள் தொடைத் தசை என்ன சொல்கிறது என்று தெரியும்.

இறங்கும்போது வரும் நோ பெரும்பாலும் முழங்கால் சில்லின் பின்பக்கத்திலிருந்து வருவது. தொடையின் முன்தசையும் இடுப்புத் தசையும் பலமானால் நன்றாகக் குறையும். இப்போது ஜனவரி, உங்களுக்கு ஐந்து மாதம் இருக்கிறது. அது போதும், வீணாக்காவிட்டால். கையை ஊன்றாமல் கதிரையில் இருந்து எழுந்து, மெதுவாகத் திரும்ப இருப்பது பத்துத் தரம். சிங்கைப் பிடித்துக்கொண்டு குதிகாலை உயர்த்தி மெல்ல இறக்குவது பத்துத் தரம். வீட்டு மாடிப்படியின் கடைசிப் படியில் நின்று, ஒரு காலால் மெதுவாகக் கீழே தொட்டுத் திரும்ப மேலே வருவது, இரண்டு பக்கமும் பத்துத் தரம். இந்த மூன்றையும் மூன்று சுற்று, கிழமையில் மூன்று நாள். சோறு அவியும் நேரத்தில் முடிந்துவிடும். மூன்றாவதுதான் உங்களுக்கு முக்கியம், அதைத்தான் எல்லாரும் கள்ளமாக வேகமாகச் செய்வார்கள். மெதுவாக இறங்குவதில்தான் பலனே இருக்கிறது.

செய்யும்போது கொஞ்சம் நொந்து, அடுத்த நாள் காலைக்குள் அடங்கினால் பயப்பட ஒன்றுமில்லை, தொடருங்கள். முழங்கால் வீங்கினாலோ, மடக்க முடியாமல் இறுகினாலோ, நடக்கையில் திடீரென்று வழுக்கிவிடுவதுபோல் இருந்தாலோ நிறுத்திவிட்டு நேரே ஒருவரிடம் காட்டுங்கள். பல ஊர்களில் ஜீபீயை (குடும்ப மருத்துவரை) பார்க்காமலே என்எச்எஸ் பிசியோவுக்கு நீங்களே விண்ணப்பிக்கலாம். உங்கள் சேர்ஜரியில் கேளுங்கள்.

நடைக்கு ஹரோ நல்ல இடம், பலருக்கு அது தெரியாது. லண்டனைச் சுற்றி வரும் கப்பிட்டல் றிங் பாதையில் கிரீன்ஃபோர்டுக்கும் சவுத் கென்ற்றனுக்கும் இடையிலான துண்டு ஹரோ மலையைத் தாண்டித்தான் போகிறது. கிழமை நாளில் வேலை முடிந்து அந்த மலையை ஏறி இறங்கி வாருங்கள். சனிக்கிழமை நீண்ட நடைக்கு, ஹரோ-ஒன்-த-ஹில்லில் சில்ற்றேர்ன் ரயில் ஏறினால் வென்டோவர். அங்கிருந்து கூம் ஹில், றிட்ஜ்வே பாதை, சேறு, ஏற்றம், இறக்கம் எல்லாம் கிடைக்கும். ஐந்து மைலில் தொடங்கிக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டி, நாலு கிழமைக்கு ஒரு தரம் குறைத்து உடம்புக்கு ஓய்வு கொடுங்கள். மே நடுப்பகுதிக்குள் ஒரு சனிக்கிழமை 12 மைல், மறுநாள் ஞாயிறு 8 மைல் நடந்து பாருங்கள். போகும்போது போடப்போகும் அதே சப்பாத்து, அதே சொக்ஸ், அதே பை. திங்கட்கிழமை காலை வீக்கம் இல்லாமல் வேலைக்குப் போக முடிந்தால் நீங்கள் தயார். முடியாவிட்டால் நடுப்பகுதியைத் தவிர்த்துத் திட்டம் போடலாம். கோடைகாலத்தில் அந்தப் பகுதியில் ஏடி122 என்றொரு பஸ் ஓடும். சுவர் தொடங்கிய ஆண்டையே பஸ்சுக்கு இலக்கமாக வைத்திருக்கிறார்கள்.

இறக்கத்தில் இரண்டு கையிலும் நடைக்கம்பு வைத்திருங்கள். முதுகில் தண்ணீர், மழைச்சட்டை, சாப்பாடு, மருந்து மட்டும். பெரிய பையை விடுதிக்கு விடுதி வான் வண்டியில் கொண்டுபோய் வைக்கும் சேவைகள் இந்தப் பாதையில் நன்றாக நடக்கின்றன. அதைப் பாவிப்பது மோசடியோ என்று யோசிக்க வேண்டாம். நன்கொடை தருகிறவர்கள் நீங்கள் மூட்டை சுமப்பதற்குத் தரவில்லை.

இனிச் சீனி. இதைப் படிக்காமல் தாண்ட வேண்டாம். மெட்ஃபோர்மின் மட்டும் எடுக்கிறவர்களுக்குச் சீனி ஆபத்தான அளவுக்கு இறங்குவது அரிது. கிளிக்ளசைட் அப்படியல்ல. நீங்கள் சாப்பிட்டீர்களா, நடந்தீர்களா என்று பாராமல் அது இன்சுலினைச் சுரக்கச் சொல்லிக்கொண்டே இருக்கும். நாள் முழுக்க நடந்த உடம்பில் அன்று இரவு நித்திரையிலும் சீனி இறங்கலாம். ஆகவே பயிற்சி நடை இரண்டு மணித்தியாலத்தைத் தாண்டும் முன்னமே ஜீபீயிடமோ நீரிழிவு நேர்ஸிடமோ போய், "எட்டு நாள், நாளுக்கு ஆறேழு மணி நேரம் நடக்கப் போகிறேன், நடக்கும் நாளில் குளிசையை என்ன செய்வது" என்று இதே வார்த்தைகளில் கேளுங்கள். "கொஞ்சம் நடக்கப் போகிறேன்" என்று சொன்னால் கொஞ்ச நடைக்கான பதில்தான் கிடைக்கும். அளவிடும் கருவி வீட்டில் இல்லையென்றால் அதையும் அப்போதே கேட்டு வாங்குங்கள்.

கை நடுக்கம், வியர்வை, திடீர்ப் பசி, காரணமில்லாத எரிச்சல் – தம்பியோடு தேவையில்லாமல் சண்டை பிடித்தாலும் சேர்த்துக்கொள்ளுங்கள் – வந்தால் உடனே இருந்து அளந்து பாருங்கள். 4 mmol/Lக்குக் கீழே என்றால் குளுக்கோஸ் குளிசை நாலைந்து, அல்லது சின்னப் பெட்டி பழச்சாறு ஒன்று. 15 நிமிடம் கழித்துத் திரும்ப அளந்து பாருங்கள். ஏறியபின் ரொட்டியோ பிஸ்கற்றோ சாப்பிட்டுவிட்டு எழும்புங்கள். கச்சானும் எள்ளுருண்டையும் பையில் இருக்கட்டும், ஆனால் அந்த நேரத்துக்கு அவை உதவாது. கொழுப்பு இருப்பதால் மெதுவாகத்தான் ஏறும். குளுக்கோஸ் பாதி உங்கள் சட்டைப் பையிலும் பாதி தம்பியிடமும் இருக்க வேண்டும். பெரிய பைக்குள், அடியில், மழைச்சட்டைக்குக் கீழே இருப்பதால் பயனில்லை.

பாதம் அதைவிட முக்கியம். வருடா வருடம் செய்யும் கால் பரிசோதனைக்குப் போனீர்களா? நைலோன் இழையால் பெருவிரலைத் தொட்டுத் தெரிகிறதா என்று கேட்பார்களே, அதுதான். ஒரு வருடத்துக்குமேல் ஆகியிருந்தால் சப்பாத்து வாங்கப் போகும் முன் அதைச் செய்யுங்கள். உணர்ச்சி குறைந்திருக்கிறது என்று சொன்னால் பாத மருத்துவர் ஒருவர் சம்மதிக்காமல் இந்தப் பயணம் வேண்டாம். இதில் நான் இரக்கம் பார்க்க மாட்டேன். கொப்புளம் நொந்தால்தானே நிற்போம்? நோகாத கொப்புளம் புண்ணாகி, புண் கிருமி பிடித்த பிறகுதான் தெரியவரும். உணர்ச்சி சரியாக இருந்தாலும் ஒவ்வொரு இரவும் உள்ளங்கால், விரலிடுக்கு எல்லாம் தம்பியின் போன் வெளிச்சத்தில் பாருங்கள். நடக்கும்போது ஓரிடம் சூடாகத் தெரிந்தால் அடுத்த கிராமம் வரட்டும் என்று இராமல் அந்த இடத்திலேயே இருந்து பிளாஸ்டர் ஒட்டுங்கள். கொப்புளத்தைக் குத்த வேண்டாம். தோல் கிழிந்து புண் தெரிந்தால் நடை அன்றோடு முடிந்தது. அடுத்த நாளே யாரிடமாவது காட்டியாக வேண்டும்.

இதனால்தான் ஆட்டைத் திவசத்தன்று முடிப்பது வேண்டாம் என்றேன். நாலாம் நாள் கால் பிரண்டால், அம்மாவின் நாளுக்குப் போய்ச்சேர வேண்டுமென்ற அவதியில் நீங்கள் நிற்க மாட்டீர்கள். நொண்டிக்கொண்டே நடப்பீர்கள். அதுபோக, திவசத்தைச் செய்ய வேண்டியவர் தம்பிதானே? திதி எந்த நாளில் வருகிறது என்று பார்த்து, கிரியையை வீட்டிலோ கோயிலிலோ ஆறுதலாகச் செய்துவிட்டு, ஒரு கிழமை கழித்துப் புறப்படுங்கள். ஜூன் கடைசியிலும் பாதை நன்றாகத்தான் இருக்கும். ஈரத்தில் நடந்தால் மண்ணுக்குள் கிடக்கும் ரோமர் காலத்து எச்சங்கள் சேதமாகும் என்பதால் மே முதல் ஒக்ரோபர் வரை நடப்பதைத்தான் பாதையைப் பராமரிப்பவர்கள் விரும்புகிறார்கள். ஒருவர் பின் ஒருவராக அல்லாமல் பக்கத்தில் பக்கத்தில் நடக்கச் சொல்வதும் அதனால்தான். தம்பியோடு கதைத்துக்கொண்டு போக வசதி.

மேற்கு நோக்கி நடந்தால் காற்று பெரும்பாலும் முகத்தில் அடிக்கும். அதைத் தெரிந்துகொண்டு போங்கள். இன்னொன்று. பௌனஸில் நீங்கள் நினைக்கும் கடல் இல்லை. சோல்வே கழிமுகம்தான், அக்கரையில் ஸ்கொட்லாந்து. வற்றின நேரத்தில் போனால் கண்ணுக்கெட்டிய தூரம் சேறும் மணலும்தான். அதற்கு முன் டைக்ஸ்ஃபீல்டுக்கும் ட்றம்பராவுக்கும் இடையில் சதுப்புநில வீதி கடல் மிகவும் பெருகும் நேரங்களில் தண்ணீருக்குள் போய்விடும். கடைசி நாளுக்கு வற்றுப்பெருக்கு அட்டவணையைப் பார்த்து நேரம் வையுங்கள்.

சரி, பெரியம்மா. அவர் கேட்டதில் நியாயம் இருக்கிறது. காசு மட்டும்தான் நோக்கமென்றால், ரயிலுக்கும் எட்டு இரவு விடுதிக்கும் செலவழிக்கப் போவதை அப்படியே ஹொஸ்பிஸுக்குக் கொடுத்துவிட்டு வீட்டில் இருக்கலாம். ஆனால் கதிர்காம யாத்திரையை அவர் உதாரணம் காட்டினால் அதையும் முழுதாகப் பார்க்க வேண்டும். யாழ்ப்பாணத்துச் செல்வச்சந்நிதியிலிருந்து கிழக்குக் கரையோரமாகக் குமண, யால காடுகளைத் தாண்டி நடக்கிறவர்கள் தங்கள் சோற்றைச் சுமந்துகொண்டா போகிறார்கள்? வழியெல்லாம் ஊர்ச்சனம் அன்னதானம் கொடுக்கிறது. நடக்கிறவருக்குக் கொடுப்பதில் கொடுக்கிறவருக்கும் பங்கு உண்டு என்று நம்மவர்களுக்குப் புதிதாகச் சொல்லத் தேவையில்லை.

உங்களிடம் ஒன்றும் வாங்கவில்லை என்றீர்கள். யாரோ கொடுத்திருந்தார்கள், அதனால் வாங்கவில்லை. இங்கிலாந்தில் பெரியவர்களுக்கான ஹொஸ்பிஸ்களின் வருமானத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் அரசாங்கத்திடமிருந்து வருகிறது. மிச்சமெல்லாம் பழைய துணிக் கடை, லொத்தர், உயிலில் எழுதி வைக்கும் காசு, இப்படி நடக்கிறவர்கள், ஓடுகிறவர்கள். 2024 டிசம்பரில் அரசாங்கம் அறிவித்த 10 கோடி பவுணும் கட்டடத்துக்கும் உபகரணத்துக்கும்தான். தமிழில் வலியைக் கேட்ட அந்த நேர்ஸின் சம்பளத்துக்கு அதிலிருந்து எடுக்க முடியாது. இன்றைய ஹொஸ்பிஸ் முறைக்கு வழிகாட்டிய சிசிலி சோண்டர்ஸ் 1967இல் லண்டன் சிடனமில் சென் கிறிஸ்ரஃபர்ஸ் ஹொஸ்பிஸைத் தொடங்கிய காலத்திலும் தனியார் கொடையைச் சேர்த்துத்தான் கட்டினார்.

காசுக்கு மேலே இன்னொன்றும் உண்டு. ஹொஸ்பிஸ் என்ற பேச்சை எடுத்ததும் "சாக விடுகிற இடம்" என்று முகத்தைத் திருப்பும் குடும்பங்களை நான் வேலையில் அடிக்கடி பார்க்கிறேன். அங்கே போனால் மருந்தை நிறுத்திவிடுவார்கள் என்ற பயம். வலியை அடக்குவது அங்கே ஒரு தனித் துறையாகவே நடக்கிறது, வீட்டுக்கே வந்தும் பார்ப்பார்கள் என்று நாங்கள் சொன்னால் நம்ப மாட்டார்கள். உங்கள் அம்மாவின் கதையைச் சொந்தக்காரர் ஒருவர் சொன்னால் நம்புவார்கள். நன்கொடைப் பக்கத்தில் நடைபாதையைப் பற்றி இரண்டு வரியும் அந்த நேர்ஸைப் பற்றி ஆறு வரியும் எழுதுங்கள், தமிழிலும் ஆங்கிலத்திலும். அம்மாவின் படம் போடுவதென்றால் வருத்தத்துக்கு முன் எடுத்த படம். அதற்கும் சகோதரர்களிடம் கேட்டுவிட்டுப் போடுங்கள்.

காசு விஷயத்தில் நம்மவர்களிடையே சந்தேகம் சீக்கிரம் வரும், அதனால் தொடக்கத்திலிருந்தே கண்ணாடிபோல் இருக்கட்டும். பயணச் செலவு முழுக்க எங்கள் கைக்காசு என்று பக்கத்தில் முதல் பந்தியிலேயே எழுதுங்கள். காசு உங்கள் வங்கிக் கணக்குக்கு வராமல் ஜஸ்ட்கிவிங் போன்ற நன்கொடை இணையத்தளங்களின் வழியாக நேரே ஹொஸ்பிஸுக்குப் போகட்டும். மைலுக்கு இவ்வளவு என்று கேட்க வேண்டாம், மொத்தமாகக் கேளுங்கள். அப்போதுதான் நடை பாதியில் நின்றாலும் கணக்குப் பிரச்சினை வராது. இங்கே வரி கட்டுகிறவர்கள் கிஃப்ட் எயிட் (கட்டிய வரியில் ஒரு பங்கை அரசாங்கம் நன்கொடையோடு சேர்க்கும் திட்டம்) பெட்டியில் அடையாளம் இட்டால் 20 பவுண் 25 பவுணாகும், அவர்களுக்கு மேலதிகச் செலவில்லை. கனடாவிலிருந்து தரும் மாமாவுக்கு அது பொருந்தாது. கொத்து ரொட்டி விற்றுச் சேர்ப்பதற்கும் பொருந்தாது, ஏனென்றால் சாப்பாட்டுக்குக் கொடுத்த காசு நன்கொடை ஆகாது. ஆனாலும் கொத்து ரொட்டி நல்ல யோசனை, சமையலறைக்காரி நீங்கள். கோயிலில் உண்டியல் வைப்பதென்றால் நிர்வாக சபையிடம் முதலில் அனுமதி வாங்குங்கள். வீதியில் நின்று சேர்க்கவும் அனுமதி வேண்டும். முத்திரையிட்ட வாளி ஹொஸ்பிஸே தரும். அங்கே நிதி சேர்க்கும் பகுதிக்கு இந்தக் கிழமையே ஒரு மின்னஞ்சல் போடுங்கள். பதிவு இலக்கம், கடிதம், ரீ-சேர்ட் எல்லாம் அவர்களிடமே கிடைக்கும்.

விடுதியை மட்டும் தள்ளிப்போட வேண்டாம். பாதையின் நடுப்பகுதியில் தங்குமிடங்கள் குறைவு, ஜூனில் சீக்கிரம் நிரம்பிவிடும். இப்போதே பதியுங்கள், ஆனால் மே கடைசிவரை காசு போகாமல் இரத்துச் செய்யக்கூடிய இடமாகப் பாருங்கள். அந்தச் சனி-ஞாயிறு நடை முடிந்ததும் முழங்கால் எப்படி இருக்கிறது, சீனி எவ்வளவில் நின்றது என்று எனக்கு எழுதுங்கள்.